பதினைந்தாம் எண் கூடாரம்

“தாடி வெச்சவர் நடந்து போனார். தாடி இல்லாதவர் வண்டிய ஓட்டிட்டுப் போனார். நான் பார்த்தது அவ்வளவுதான்” என்றார் இந்தாலேசியோ.

ஸ்பெயினின் ரொக்கெத்தாஸ் கடற்கரையிலுள்ள சுற்றுலா முகாமில் கடை வைத்திருப்பவர் அவர். இலையுதிர் காலம் வந்ததும் வடக்கிலிருந்து வெயில் தேடி வந்திறங்கும் வீட்டுவண்டிகளுக்கு ரொட்டி, தண்ணீர், எரிவாயு எல்லாம் அவர் கடையில்தான்.

என் முதலாளி அசுன்சியோன் பெல்மோந்தே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அறுபது வயதுப் பெண்மணி. இருபத்தெட்டு வருடம் காவல்படையில் இருந்துவிட்டு அல்மெரியாவில் துப்பறியும் அலுவலகம் வைத்திருப்பவர். அவர் உட்கார்ந்துவிட்டால், எதிரில் இருப்பவருக்குச் சொல்ல இன்னும் ஏதோ பாக்கியிருக்கிறது என்று அர்த்தம். நான் ஹினெஸ். கார் ஓட்டுவதும், கேட்காத கருத்துகளைச் சொல்வதும் என் வேலை.

“முதல்லேர்ந்து சொல்லுங்க” என்றார் அசுன்சியோன்.

“அக்டோபர் மூணாம் தேதி. விடியறதுக்குக் கொஞ்சம் முன்னாடி அந்தம்மா கத்தினாங்க. முகாம்ல பாதிப்பேர் எழுந்துட்டாங்க. அந்த டச்சுக்காரர் வெளிய நின்னு, கெட்ட கனவு, மன்னிச்சுக்குங்கன்னு எல்லார்கிட்டயும் கை கூப்பாத குறையா சொல்லிட்டிருந்தார். அந்தம்மா உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கிட்டாங்க. விடிஞ்சதும் அவர் ஊருக்குள்ள நடந்து போனார். திரும்பி வந்ததை நான் பார்க்கல. மத்தியானம் வண்டி கிளம்பிச்சு. ஓட்டினவர் மூஞ்சியில தாடி இல்ல. அந்தம்மா பக்கத்துல உக்காந்திருந்தாங்க.”

“பயந்த மாதிரியா?”

இந்தாலேசியோ யோசித்தார். “இல்ல. யாரையோ பார்க்கப் போற மாதிரி. தலையெல்லாம் சீவி, உதட்டுச் சாயம் போட்டு.”

அசுன்சியோன் என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த புகைப்படத்தைப் பார்த்தேன். நீலக்கோடு போட்ட பழைய வெள்ளை வீட்டுவண்டி. அதன் முன்னால் நெஞ்சுவரை வெள்ளைத் தாடி வைத்த ஓர் உயரமான கிழவர். அவர் தோளில் சாய்ந்து, வைக்கோல் தொப்பி போட்ட ஒரு பெண்மணி. வெஸ்ஸல், லீஸ்பெத். நாற்பத்தாறு வருடத் தம்பதி.

அந்தப் படத்தை எங்களிடம் கொடுத்தது அவர்கள் மகள் யோரீன். நெதர்லாந்தின் க்ரோனிங்கனிலிருந்து திங்கட்கிழமை பறந்து வந்து எங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து அழுதார். அப்பாவும் அம்மாவும் ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் தென் ஸ்பெயினைச் சுற்றுவார்கள். வீட்டுவண்டிப் பயணமே முப்பது வருடப் பழக்கம். இந்த முறை அக்டோபர் பிறந்ததிலிருந்து அம்மாவின் குரலையே அவர் கேட்கவில்லை. அப்பாவிடமிருந்து குறுஞ்செய்திதான். அம்மா தூங்குகிறாள், அம்மா நீந்தப் போயிருக்கிறாள். எட்டு நாளாக அதுவும் இல்லை. போன் அணைந்துகிடக்கிறது. வயது வந்தவர்கள் எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று போலீஸ் கையை விரித்துவிட்டது. 

“அம்மாவுக்குக் கொஞ்சம் மறதி உண்டு. ஆனா அவங்க என்னை மறக்க மாட்டாங்க” என்று யோரீன் சொன்னபோது அவர் கையிலிருந்த கைக்குட்டை கந்தலாகியிருந்தது.

காரில் ஏறியதும் என் கருத்தைச் சொன்னேன்.

“அந்தக் கிழவர் ஏதோ ஒரு மலைச்சரிவுல கிடக்கிறார், மேடம். அந்தத் தாடியில்லாதவன் அவரோட போன்லேர்ந்தே பொண்ணுக்குச் செய்தி அனுப்பியிருக்கான். பொய் தீர்ந்துபோச்சு, போனை அணைச்சுட்டான்.”

“அந்தம்மா உதட்டுச் சாயம் போட்டுக்கிட்டு அவனோட போனாங்களாக்கும்?”

“எழுபத்தொரு வயசுல காதல் வரக் கூடாதா? எனக்கு நாற்பத்தஞ்சு. வந்தா வேண்டாம்னா சொல்லப் போறேன்?”

“வர்ற காதல்தான் உன்னை வேண்டாம்னு சொல்லுது. வாய மூடிட்டு ஓட்டு.”

முகாம்களில் பதிவேட்டைக் காட்ட மாட்டார்கள். சட்டம் அப்படி. போலீஸ் உடுப்பு இருந்த காலத்தில் அசுன்சியோன் கேட்டதும் அதைக் காட்டினார்கள். இப்போது அவர் வேறு ஒன்றைக் கேட்கப் பழகியிருந்தார். ரொட்டிச் சீட்டு. மறுநாள் காலைக்கு ரொட்டி வேண்டுபவர்கள் இட எண்ணையும் எத்தனை என்பதையும் ஒரு தாளில் எழுதிவைப்பார்கள். அதை யாரும் பூட்டி வைப்பதில்லை.

சான் ஹொசே பக்கத்து முகாமில் அந்தத் தாளை விட நல்லது கிடைத்தது. துப்புரவு வேலை செய்யும் விர்தூதெஸ்.

“நீலக்கோடு வண்டியா? அது தனியா வந்த அம்மாவாச்சே” என்றாள், துடைப்பத்தில் சாய்ந்துகொண்டு.

“தனியாவா? அவங்களுக்கு வண்டி ஓட்டத் தெரியாதுன்னு பொண்ணு சொன்னாங்களே” என்றேன்.

“ஓட்டினது பக்கத்து இடத்துக் கூடாரக்காரர். அவர் ஒரு சின்னப் பச்சைக் கூடாரம் போட்டு வெளிய படுப்பார். அந்தம்மா உள்ளே படுப்பாங்க. நீங்க, வாங்கன்னு ஸ்பானிஷ்லதான் பேசிப்பாங்க. புருஷன் வியாழக்கிழமை வர்றார்னு அந்தம்மா என்கிட்ட தினமும் சொல்லும். ரெண்டு வியாழக்கிழமை போச்சு. யாரும் வரல.” விர்தூதெஸ் குரலைத் தாழ்த்தினாள். “ஒண்ணு சொல்லவா? ராத்திரி அந்த ஆள் வண்டிக் கதவுல கயிறு கட்டுவார். என் கண்ணால பார்த்தேன். அந்தம்மா தப்பிச்சுப் போகாம இருக்கத்தான்னு நினைச்சேன். மேலாளர்கிட்ட சொன்னேன். அதுக்குள்ள கிளம்பிட்டாங்க. கார்போனெராஸ் பக்கம்.”

நான் காரை நோக்கி ஓடினேன். அசுன்சியோன் நடந்துதான் வந்தார்.

“கயிறு, மேடம். கட்டிப் போட்டிருக்கான்.”

“வண்டியத் திருடினவன் கட்டில் இருக்கிற இடத்தை விட்டுட்டுத் தரையில படுப்பானா?”

“மரியாதை தெரிஞ்ச திருடன்.”

அவர் சிரிக்கவில்லை. ஜன்னல் வழியாகக் கடலையே பார்த்துக்கொண்டு வந்தார். கடலுக்கு மேலே மேகம் ஈயம் போல் திரண்டிருந்தது. மதியத்துக்கு மேல் கனமழை என்று வானொலி எச்சரித்துக்கொண்டிருந்தது. அக்டோபர் மழை எங்கள் ஊரில் மழையாக வராது. வருடம் முழுக்கக் காய்ந்து கிடக்கும் காட்டாறுகள் அரை மணியில் நிரம்பிக் காரையும் கழுதையையும் கடலுக்குக் கொண்டுபோகும்.

நாங்கள் தேடிய முகாம் அப்படி ஒரு காட்டாற்றின் வாயில்தான் இருந்தது. நிர்வாகி இடம் இடமாகப் போய், நாலு மணிக்குள் எல்லோரும் மேல் தளத்துக்கு வண்டியை ஏற்றிவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அலுவலகச் சுவரில் ரொட்டிச் சீட்டு தொங்கியது. 

பதினாலாம் எண்: ஒன்று, அதிகம் வேகாதது. பதினைந்தாம் எண்: ஒன்று.

இரண்டும் ஒரே கையெழுத்து. அசுன்சியோன் அந்த முதல் வரியில் விரலை வைத்தார்.

“பக்கத்து இடத்துக்காரிக்கு ரொட்டி எந்தப் பதத்துல வேணும்னு உனக்குத் தெரியுமா, ஹினெஸ்?”

“என் பக்கத்து வீட்டுக்காரிக்கு என்னைப் பார்த்தாலே பிடிக்காது.”

“அதான் சொல்றேன்.” அவர் முகம் மாறியிருந்தது. ஏன் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

பதினாலாம் எண்ணில் நீலக்கோடு வண்டி நின்றது. பதினைந்தில் பச்சைக் கூடாரம். வண்டிக் கதவின் கைப்பிடியிலிருந்து மெல்லிய கயிறு ஒன்று கூடாரக் கம்பம் வரை போனது. நடுவே ஆட்டுக்குக் கட்டுகிற மாதிரி ஒரு சின்ன மணி. கூடாரத்தில் ஆள் இல்லை. வண்டிக்கு வெளியே மடக்கு மேஜை போட்டு, வைக்கோல் தொப்பியுடன் லீஸ்பெத் உட்கார்ந்து மிளகாய் நறுக்கிக்கொண்டிருந்தார். மேஜையில் இரண்டு தட்டுகள்.

“உக்காருங்க” என்றார் நல்ல ஸ்பானிஷில். “என் கணவர் வர்ற நேரம்தான்.”

“எங்க போயிருக்கார்?” என்று கேட்டபடி அசுன்சியோன் உட்கார்ந்தார்.

“ஸ்கூலுக்கு. ஸ்பானிஷ் வாத்தியார். அவர்தான் எனக்கும் சொல்லிக் குடுத்தார். முடிஞ்சதும் வருவார்.”

வெஸ்ஸல் ஓய்வு பெற்றுப் பதினோரு வருடம் ஆகிறது என்று யோரீன் சொல்லியிருந்தார். அசுன்சியோன் புகைப்படத்தை மெதுவாக மேஜைமீது வைத்தார்.

லீஸ்பெத் கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் படத்தைக் கையில் எடுத்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“தொப்பி என்னுதுதான். இந்தக் கிழவர் யாரு?”

“உங்களுக்குத் தெரியலையா?”

“வெஸ்ஸல் இல்ல. வெஸ்ஸலுக்குக் கறுப்பு முடி. தாடி வெச்சா முத்தம் கிடையாதுன்னு கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லிட்டேன்.” அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் இருபது வயதுதான் இருந்தது. பிறகு படத்தைக் கவிழ்த்து வைத்தார்.

அசுன்சியோன் அமைதியாகவே கேட்டார்.

“பக்கத்துல இருக்கிறவர் உங்களுக்கு ஏதாவது தொந்தரவு குடுக்கிறாரா?”

“பாவம், நல்ல மனுஷன். காலையில ரொட்டி கொண்டு வந்து வெப்பார். துணி காயப் போடுவார். ஆனா பொய் சொல்றார்.”

“என்ன பொய்?”

“அடுத்த ஊர்ல உங்க கணவர் காத்திட்டிருக்கார், வண்டிய நான் ஓட்டிட்டு வரச் சொன்னார்னு சொல்வார். நானும் தலை சீவிட்டுக் கிளம்புவேன். வந்து பார்த்தா யாரும் இருக்க மாட்டாங்க.” அவர் கழுத்துச் சங்கிலியை இழுத்துக் காட்டினார். அதில் வண்டிச் சாவி தொங்கியது. “இனிமே குடுக்க மாட்டேன். வெஸ்ஸல் கையிலதான் குடுப்பேன்.”

குழாயடிப் பக்கமிருந்து ஓர் உயரமான கிழவர் இரண்டு ரொட்டிகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். எங்களைக் கண்டதும் நின்றார். வெயிலில் கறுத்த நெற்றி, கறுத்த மூக்கு. ஆனால் கன்னத்துக்குக் கீழே முகவாய் முழுக்க, இத்தனை வருடம் வெயிலே படாத வெளிறல்.

அசுன்சியோன் எழுந்து அவரிடம் போனார். லீஸ்பெத்துக்குக் கேட்காத தூரத்தில், தாழ்ந்த குரலில் சொன்னார்.

“வெஸ்ஸல், உங்க பொண்ணு அல்மெரியாவுல உங்களுக்காக அழுதுட்டிருக்கு.”

அவர் ரொட்டிகளைக் குழாயடித் திண்டில் வைத்தார். ஒன்று உருண்டு கீழே விழுந்தது. குனிந்து எடுத்து மண்ணைத் தட்டினார். தட்டிக்கொண்டே இருந்தார்.

“எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

“அதிகம் வேகாத ரொட்டி. அப்புறம் இந்தக் கயிறு. அடைச்சு வெக்கிறவன் கதவைப் பூட்டுவான். நீங்க மணி கட்டியிருக்கீங்க. அவங்க வெளிய நடந்தா நீங்க முழிக்கணும், அதுக்குத்தானே?”

“ஒரு தடவை கடல்ல இடுப்பளவு தண்ணி வரைக்கும் போயிட்டா” என்றார் வெஸ்ஸல். “நான் தூங்கிட்டேன்.”

பிறகு அவராகவே சொன்னார். ஆகஸ்டில் மருத்துவர் லீஸ்பெத்தின் மறதி நோயின் பெயரைச் சொல்லியிருக்கிறார். மகளுக்குத் தெரிய வேண்டாம், கடைசியாக ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று இருவரும் சேர்ந்துதான் முடிவெடுத்தார்கள். செப்டம்பர் முழுக்க லீஸ்பெத் நன்றாகவே இருந்தார். அக்டோபர் மூன்றாம் தேதி விடியற்காலை கண் விழித்து, பக்கத்தில் ஒரு தாடிக்காரக் கிழவன் படுத்திருப்பதைக் கண்டு அலறினார்.

“தாடிதான் காரணம்னு நினைச்சேன். ஊருக்குள்ள போய் எடுத்துட்டு வந்தேன். கதவைத் தட்டினேன். திறந்து பார்த்தா. ‘யார் வேணும்?’னு கேட்டா. ரொம்ப மரியாதையா.”

“அதான் கூடாரம் வாங்கினீங்க.”

“வேற என்ன பண்றது? நான்தான் வெஸ்ஸல்னு சொன்னேன். திரும்பத் திரும்பச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் பயந்து நடுங்கினா, வெஸ்ஸலை என்ன பண்ணினேன்னு கேட்டா. பக்கத்து இடத்துக்காரன்னு சொன்னப்புறம்தான் உக்காரச் சொன்னா.”

“வீட்டுக்குத் திரும்பியிருக்கலாமே” என்றேன் நான். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

“திரும்பினா அவளை இல்லத்துல சேர்ப்பாங்க. அங்க நான் பார்வையாளர். மூணு மணிக்கு வந்து நாலு மணிக்குப் போகணும். இங்க பக்கத்து இடத்துக்காரன். நாள் முழுக்கப் பார்க்கலாம்.” அவர் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினார். “போன்ல யோரீன் அம்மாவோட பேசணும்னு கேட்டுட்டே இருந்தா. அம்மா என்ன சொல்வா? அப்பா வரல, யாரோ ஒருத்தர் இருக்கார்னு சொல்வா. அணைச்சுட்டேன். தப்புதான்.”

அப்போதுதான் முதல் இடி விழுந்தது.

ஐந்து நிமிடத்தில் எதிரே நின்ற ஆளைப் பார்க்க முடியவில்லை. மற்ற வண்டிகள் வரிசையாக மேல் தளத்துக்கு ஏறிக்கொண்டிருந்தன. லீஸ்பெத் உள்ளே போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டார். வெஸ்ஸல் கதவைத் தட்டினார்.

“மேடம், வண்டிய மேல ஏத்தணும். சாவி குடுங்க.”

“வெஸ்ஸல் வரட்டும்” என்று உள்ளிருந்து குரல்.

“தண்ணி வருது, மேடம்.”

“நீங்க ரெண்டு தடவை பொய் சொன்னீங்க.”

காட்டாற்றின் படுகையில் ஒரு பழுப்புக் கோடு தெரிந்தது. கயிறு போல வந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாய் போல விரிந்தது. வெஸ்ஸல் இரண்டு கைகளாலும் கதவை அறைந்தார்.

“லீஸ், நீ வெளிய வா. லீஸ்.”

உள்ளிருந்து நடுங்கும் குரலில் ஒரு கேள்வி வந்தது. “என் பேரை உங்களுக்கு யார் சொன்னது?”

வெஸ்ஸல் கதவில் நெற்றியை வைத்து நின்றுவிட்டார். நிர்வாகி மேலேயிருந்து கை அசைத்துக் கத்திக்கொண்டிருந்தார். ஜன்னலை உடைக்கட்டுமா என்று நான் கேட்டேன். அசுன்சியோன் வெஸ்ஸலின் தோளைப் பிடித்துத் திருப்பினார்.

“நீங்க வண்டி ஓட்டும்போது அவங்க என்ன செய்வாங்க? முப்பது வருஷத்துல ஏதாவது ஒண்ணு இருக்கும். யோசிங்க.”

“ஓட்ட மாட்டா. நான் வண்டியப் பின்னால எடுக்கும்போது இறங்கி நின்னு கை காட்டுவா. எல்லா முகாம்லயும். யாரோட வண்டியா இருந்தாலும். யாராவது தப்பா எடுத்தா அவளால பார்த்துட்டு உக்கார முடியாது.”

அசுன்சியோன் என் பக்கம் திரும்பினார். “காரை எடுத்துட்டு வா. இந்தப் பாதையில பின்னால எடு. மோசமா எடு.”

“அதுக்கு எனக்கு ஒத்திகை தேவையில்ல, மேடம்.”

அன்றைக்கு நான் சொன்ன கடைசி வேடிக்கை அதுதான். காரைக் கொண்டுவந்து, லீஸ்பெத்தின் ஜன்னலுக்கு நேராகப் பின்னால் எடுத்தேன். வேலியில் இடித்தேன். முன்னால் போய் மறுபடி இடித்தேன். மூன்றாவது தடவை பின்சக்கரம் பள்ளத்தில் இறங்கியது. கண்ணாடியில் பார்த்தேன். வீட்டுவண்டியின் கதவு திறந்தது. மஞ்சள் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு லீஸ்பெத் இறங்கி வந்தார்.

“இடது பக்கம். இடது பக்கம்னா உங்களுக்குத் தெரியாதா?”

அவர் கைகள் எழுந்தன. அந்தக் கைகளில் தயக்கமே இல்லை. திருப்பு, நேராக்கு, வா, வா, நில். பள்ளத்திலிருந்து என்னை மேலே எடுத்துவிட்டார். மழையில் தொப்பி ஊறி முகத்தில் சரிந்திருந்தது. அவர் திரும்பித் தன் வண்டியைப் பார்த்தார். சக்கரத்தைத் தண்ணீர் தொட்டிருந்தது.

“இதையும் எடுக்கணுமே” என்றார், தனக்குத்தானே. சங்கிலியைக் கழற்றினார். அருகில் நின்ற வெஸ்ஸலிடம் நீட்டினார். “நீங்க எடுங்க. என் கையை மட்டும் பாருங்க. அவசரப்படாதீங்க.”

திரும்ப இடமில்லாததால் மேல் தளம் வரை எழுபது மீட்டரும் பின்னாலேயே போக வேண்டியிருந்தது. லீஸ்பெத் வழுக்கும் சரிவில் ஏறி நின்று கை காட்டினார். அசுன்சியோன் அவர் விழாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். வெஸ்ஸல் ஒருமுறைகூட ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டவில்லை. பக்கக் கண்ணாடியையே பார்த்தார். எந்த இடத்திலும் அவர் நிதானம் தப்பவில்லை. அவர்கள் இருவரும் அதை ஓராயிரம் தடவை செய்திருக்கிறார்கள்.

மேலே வந்து பார்த்தபோது பதினாலும் பதினைந்தும் இல்லை. பழுப்புத் தண்ணீர் மட்டும் இருந்தது. பச்சைக் கூடாரம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கடல் பக்கம் போனது.

வெஸ்ஸல் இறங்கினார். லீஸ்பெத் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“என் கணவர் மாதிரியே எடுக்கிறீங்க. முக்கால்வாசிப் பேர் தலையை வெளிய நீட்டுவாங்க. அவர் கண்ணாடிய மட்டும்தான் பார்ப்பார்.”

“அப்படியா?” என்றார் வெஸ்ஸல்.

“உங்க கூடாரம் போச்சே. அவர் வர்ற வரைக்கும் உள்ளே உக்காருங்க. காப்பி போடுறேன்.” படியில் ஏறியவர் திரும்பினார். “சர்க்கரை எத்தனை?”

“ஒண்ணு” என்றார் வெஸ்ஸல்.

அலுவலகத்தின் போனில் அசுன்சியோன் யோரீனை அழைத்தார். “ரெண்டு பேரும் உயிரோட இருக்காங்க. பாதை காலையிலதான் திறக்கும். கிளம்பி வர்றதுக்கு முன்னாடி நான் சொல்றத முழுசா கேட்டுக்கங்க.” அவர் சொல்லி முடிக்க அரை மணி ஆனது. நான் வெளியே போய் மழையில் நின்றேன். அலுவலகத்தில் நிற்பதை விட அது மேலாக இருந்தது.

மறுநாள் காலை எட்டரைக்கு யோரீன் வாடகைக் காரில் வந்து இறங்கினார். வானம் கழுவிவிட்டது போலிருந்தது. முகாமெல்லாம் சேறு. வண்டிக்குப் பக்கத்தில் வெஸ்ஸல் நின்றுகொண்டிருந்தார். இரவு முழுக்க வண்டியின் முன்சீட்டில் உட்கார்ந்தே தூங்கியிருந்தார். மகள் அவரிடம்தான் முதலில் போனார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். வெளிறிய முகவாயில் கை வைத்துப் பார்த்தார். அப்பா தலை குனிந்தார். இருவரும் டச்சில் ரொம்ப நேரம் பேசினார்கள். மூன்று பேருமாக அதே வண்டியில் ஆறு நாளில் ஊர் போவது என்று முடிவாயிற்று. இல்லத்தைப் பற்றி ஊர் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று யோரீன் எங்களிடம் சொன்னார். அப்பா நாள் முழுக்க அங்கேயே இருக்க அனுமதிக்கிற இடம் ஒன்றைத் தேடப் போவதாகவும் சொன்னார். கிடைக்குமா என்று அவருக்குத் தெரியவில்லை.

அப்போது வண்டிக் கதவு திறந்தது. லீஸ்பெத் வெளியே வந்தார். மகளைப் பார்த்தார்.

“யோரீன்” என்றார் உடனே.

அம்மாவும் மகளும் கட்டிக்கொண்டு அழுதார்கள். மகளின் காதோடு லீஸ்பெத் எதையோ கேட்டார். மகளின் உடல் விறைத்தது. நாங்கள் இரண்டடி தள்ளி நின்றிருந்தோம். எங்களுக்கு டச்சு தெரியாது என்பதால் வெஸ்ஸல் மெதுவாக ஸ்பானிஷில் சொன்னார். வேறு யாரைப் பற்றியோ சொல்வது போலச் சொன்னார்.

“அப்பா செத்துட்டாரான்னு கேக்குறா. யாரும் என்கிட்ட உண்மையச் சொல்ல மாட்டேங்கிறாங்க, நீயாவது சொல்லுன்னு கேக்குறா.”

யோரீன் அம்மாவின் தோளுக்கு மேலாக அப்பாவைப் பார்த்தார். என்ன சொல்ல என்று கேட்கிற பார்வை. அசுன்சியோன் என் முழங்கையைப் பிடித்திருந்தார். இத்தனை வருடத்தில் அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

யோரீன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அம்மாவின் முகத்தை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு ஏதோ சொன்னார். நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். வெஸ்ஸல் அதையும் எங்களுக்கு ஸ்பானிஷில் சொன்னார்.

“‘இருக்காரும்மா. நல்லா இருக்கார். இந்த நிமிஷம் உன்னையேதான் நினைச்சிட்டிருக்கார்.’ அப்படிச் சொல்றா.”

லீஸ்பெத் பெருமூச்சு விட்டார். பத்தொன்பது நாளாகப் பிடித்து வைத்திருந்த மூச்சு போல அது நீளமாக வந்தது. முகமெல்லாம் மலர்ந்தது. அந்தச் சந்தோஷத்தை உடனே யாரிடமாவது சொல்லியாக வேண்டும் என்பது போலச் சுற்றிலும் பார்த்தார். பக்கத்து இடத்துக்காரர் நிற்பதைக் கண்டு அவரிடம் போனார். அவர் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார்.

“கேட்டீங்களா? உயிரோட இருக்காராம்.”

“கேட்டேன்” என்றார் வெஸ்ஸல். “ரொம்ப சந்தோஷம், மேடம்.”